மீனும் பூவும் காணாமல் போன கதை: என்எல்பி படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கம் கல்லூரிகளில் மனிதர் பேசி எழுதும் மொழியைக் கணினி கையாளும் இயற்கை மொழிச் செயலாக்கம், அதாவது என்எல்பி, படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் நேரத்தில் என்னிடம் வருவதுண்டு. வரும்போதே “மாடல் சரியில்லண்ணே” என்பார்கள். மாடலுக்குள் என்ன போகிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. முதல் தவறே அதுதான்.

போன வருடம் வந்த குழுவுக்கு, உள்ளூர்ச் செய்திகளைக் குளச்சல் மீன், தோவாளைப் பூ, குலசேகரம் ரப்பர் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழிக்கான சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் உள்ள, சொற்களைப் பிரித்து எண்ணும் கவுன்ட்வெக்டரைசர் என்ற கருவியை எதையும் மாற்றாமல் அப்படியே போட்டிருந்தார்கள். அது உருவாக்கிய சொற்பட்டியலைத் திறந்தால் ‘மீன்’ இல்லை, ‘பூ’ இல்லை. ‘ரப்பர்’ மட்டும் ‘ரப’, ‘பர’ என்று இரண்டு துண்டாகக் கிடந்தது.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘மீன்’ என்பது நான்கு குறியீடுகள்: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. பைத்தானில் எழுத்துக் கோவைகளைத் தேடும் ரெகெக்ஸில், ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ இந்த ஈகாரக் குறியையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை, அந்த இடங்களில் வெட்டிவிடும். மிஞ்சுவது ம, ன. ஓரெழுத்துத் துண்டுகளைக் கவுன்ட்வெக்டரைசர் தூக்கி எறிந்துவிடும். மீன் போச்சு. நிறுத்தற்குறிகளை முதலில் நீக்கிவிட்டு, இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் பிரிக்கும்படி டோக்கன் வடிவத்தை, அதாவது சொல்லைப் பிரிக்கும் விதியை, மாற்றினால் தீர்ந்தது.

இன்னொரு வம்பும் உண்டு. ‘நாகர்கோவில்’ நமக்கு 6 எழுத்து, பைத்தானுக்கு 11 குறியீடு. ஓகாரத்தைக் கொம்பு தனி, கால் தனி என்று தட்டியிருந்தால் 12. திரையில் இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். எதையும் எண்ணுவதற்கு முன் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஆங்கிலப் பாடத்தில் கண்டதையெல்லாம் தமிழுக்கும் போடுவது. 1980-இல் வந்த போர்ட்டர் ஸ்டெம்மர் ஆங்கில விகுதிகளை வெட்டுவதற்கானது. மீனை, மீனுக்கு, மீனிலிருந்து எல்லாம் ஒரே மீன் என்று அதற்குத் தெரியாது. அடிக்கடி வருகிறதே என்று ‘இல்லை’ என்ற சொல்லை நீக்கிவிடுகிறவர்களும் உண்டு. “வரத்து இல்லை” என்ற செய்தி “வரத்து” என்று ஆனால் அர்த்தமே தலைகீழ்.

மதிப்பெண்ணிலும் ஏமாறுவார்கள். ஒரே செய்தி இரண்டு பத்திரிகையில் வந்து, ஒன்று மாடலைப் பழக்கும் பயிற்சிப் பகுதியிலும் மற்றொன்று அதைச் சோதிக்கும் தேர்வுப் பகுதியிலும் விழுந்தால், அது கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்த மாதிரி. நகல்களை நீக்கிவிட்டுப் பிரிக்க வேண்டும். 100 செய்தியில் 85 மீன் என்றால், எதைக் கொடுத்தாலும் “மீன்” என்று சொல்லும் மாடலும் 85 சதவீதம் வாங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் எஃப்-1 மதிப்பெண்ணை, அதாவது மாடல் சொன்னதில் எத்தனை சரி, பிடிக்க வேண்டியதில் எத்தனையைப் பிடித்தது என்ற இரண்டையும் சேர்த்த கணக்கை, தனியாகப் பாருங்கள்.

எல்லாம் திருத்திய பிறகும் ஒரு செய்தி மட்டும் அடம்பிடித்தது. ரப்பர் படகில் மீனவர்களை மீட்ட செய்தி அது, மாடல் அதை ரப்பர் பிரிவில் தள்ளியிருந்தது. 2017-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற நரம்பு வலை மாடலுக்கே நேராகத் தாவிவிடலாம், அடுத்தடுத்த இரண்டு சொற்களைச் சேர்த்து எண்ணும் பைகிராமெல்லாம் பழசு என்று சொன்ன பையன்தான், பேப்பரும் பேனாவும் எடுத்து ‘ரப்பர் படகு’, ‘ரப்பர் விலை’, ‘ரப்பர் தோட்டம்’ எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தான்.