சரளைக்கல் முற்றத்தில் டெசர்ட் புளூபெல் வளர்ப்பது எப்படி?

பாம் ஸ்பிரிங்ஸ், பீனிக்ஸ் மாதிரி அமெரிக்கப் பாலைவன ஊர்களில் வீட்டு முன்னால் வெறும் சரளைதான் கிடக்கும், அங்கே எதுவும் வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டெசர்ட் புளூபெல் வரும். தெற்குக் கலிபோர்னியாவின் மொஹாவி, சொனோரன் பாலைவனங்களில் தானாக வளரும் செடி இது. குளிர்கால ஈரத்தில் முளைத்து, வசந்தத்தில் அடர்நீலமாகப் பூத்து, கோடைக்கு முன் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும்.

விதை வாங்கும் முன் ஒன்றை விசாரியுங்கள். களை முளைக்காமலிருக்கச் சரளையில் மருந்து தெளிக்கும் பழக்கம் இந்த ஊர்களில் உண்டு. களை விதை எது, பூ விதை எது என்று அதற்குத் தெரியாது, தெளித்திருந்தால் சில மாதத்துக்கு அந்த இடம் வேண்டாம்.

விதைக்க அக்டோபர், நவம்பர் சரியான நேரம். மார்ச்சில் விதைத்தால் செடி தேறுவதற்குள் வெயில் கொளுத்திவிடும்.

நாள் முழுக்க வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, மேல்மண்ணை மட்டும் லேசாகக் கீறிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் களை விதையெல்லாம் மேலே வந்துவிடும். அப்புறம், எரு போடக் கை துறுதுறுக்கும், போடாதீர்கள். சத்து கூடினால் இலைதான் மண்டும், தண்டு சாய்ந்துவிடும்.

விதை ரொம்பப் பொடி, அதனால் உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். எத்தனையோ காட்டுப்பூ விதைகளை மண்மேல் அப்படியே விட்டுவிடலாம், இதற்கு மட்டும் வெளிச்சம் ஆகாது, முளைக்க இருட்டு வேண்டும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு மண் மூடி, காலால் மெல்ல மிதித்துவிட்டால் போதும். தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடுவது சரிவராது, வேரை அசைத்தால் வாடிவிடும்.

முளைக்கும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், மேல்மண் காயாமல் பூவாளியால் தெளியுங்கள். முயலும் காடையும் குருத்தைத் தேடி வரும், கம்பிவலை போட்டுவையுங்கள். நாலைந்து இலை விட்டதும் 15 சென்டிமீட்டருக்கு ஒரு செடி நிற்கும்படி மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள், கையுறை அவசியம், இலையிலுள்ள சுணை சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். அதன்பின் மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை தண்ணீர் போதும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை பூக்கும், தேனீ மொய்க்கும். பூ முடிந்ததும் அசிங்கமாகத்தான் தெரியும், உடனே பிடுங்கிவிடாதீர்கள். காய் பழுப்பானதும் காகிதப் பையில் உதிர்த்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே உதிரவிடுங்கள். ஜோசுவா ட்ரீ தேசியப் பூங்காவில் இதே பூவைப் பார்த்தால் அங்கே விதை பறிக்க வேண்டாம், சட்டப்படி தடை.