பிட்சர் அடி வாங்குகிறாரா? வெட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

பேஸ்பால் அணியை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டான அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால், சுருக்கமாக ஓஓடிபி, புதிதாக ஆட ஆரம்பித்தவர்கள் மே மாதம் வந்ததும் செய்யும் முதல் வேலை, ஈஆர்ஏ 5.40 என்று காட்டும் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, அணியிலிருந்து தூக்கி எறிவதுதான். ஜூலையில் அவரே வேறொரு அணிக்குப் போய்ப் பிரமாதமாக வீசுவார். சில நேரம் எறிவது சரியான முடிவும்கூட, ஆனால் ஈஆர்ஏவை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் ஈஆர்ஏ, குறைந்தால் நல்லது; ஃபீல்டர்களின் எரரால் வந்த ரன்கள் அதில் சேராது.

படி 1: எந்த ஆண்டில் ஆடுகிறீர்கள்?

பழைய சீசன்களிலும் ஆடலாம் என்பதால் இதை முதலில் பாருங்கள். 1968இல் அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக் முழுவதற்குமான ஈஆர்ஏவே 2.98, அங்கே 4 என்றால் மோசம். 2000இல் சராசரி 4.77, அங்கே அதே 4 நல்ல எண். ஈஆர்ஏ பிளஸ் என்ற கட்டம் இந்த வித்தியாசத்தைக் கழித்துக் காட்டும். 100 என்றால் சராசரி, கூடினால் நல்லது.

படி 2: அவர் கையில் இருப்பது எது, இல்லாதது எது

முக்கால்வாசி முடிவு இங்கேதான். ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), வாக் (நான்கு மோசமான பந்தால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்), ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டும் அடி) மூன்றும் பெரும்பாலும் பிட்சரின் பொறுப்பு. மற்றபடி பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகுமா (பேட்டர் பேஸைப் பிடிப்பாரா) அவுட் ஆகுமா என்பதில் ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்லிப்பில் நான்கு கேட்ச் கோட்டை விட்ட நாளில் பவுலரின் கணக்கை மட்டும் பார்த்துத் திட்டுவோமே, அந்தத் தவறுதான் இங்கேயும் நடக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். உங்கள் பிட்சர் 60 இன்னிங்ஸில் 36 ரன் கொடுத்திருக்கிறார், ஈஆர்ஏ 5.40. ஆனால் 62 ஸ்ட்ரைக்அவுட், வாக்கும் உடம்பில் பட்ட பந்தும் சேர்த்து 18, ஹோம் ரன் 6. ஹோம் ரன்னை 13ஆல் பெருக்கினால் 78, அந்தப் பதினெட்டை 3ஆல் பெருக்கினால் 54, கூட்டினால் 132, ஸ்ட்ரைக்அவுட்டின் இரண்டு மடங்கான 124ஐக் கழித்தால் மிச்சம் 8. அதை 60ஆல் வகுத்து, லீக்குக்கு ஏற்ற ஒரு எண்ணை, சமீப காலத்தில் சுமார் 3.1, கூட்டினால் 3.23 வருகிறது. இதுதான் ஃபிப், ஃபீல்டிங்கை ஒதுக்கிவிட்டு பிட்சரின் பொறுப்பை மட்டும் ஈஆர்ஏ போன்ற அளவில் காட்டும் எண். நீங்கள் கணக்குப் போட வேண்டாம், ஆட்டமே காட்டும். ஈஆர்ஏ 5.40, ஃபிப் 3.23 என்றால் ஆளைத் தொடாதீர்கள்.

பக்கத்திலேயே பாபிப் இருக்கும், உள்ளே விழுந்த பந்துகளில் எவ்வளவு பங்கு ஹிட் ஆனது என்று சொல்லும். வழக்கமாக .300ஐ ஒட்டித்தான் இருக்கும்; .350 என்றால் ஒன்று அதிர்ஷ்டம் இல்லை, இல்லையென்றால் உங்கள் ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டர் போன்ற முக்கிய ஃபீல்டர்கள் சரியில்லை. பின்னது என்றால் பிட்சரை மாற்றி என்ன பயன்?

ஃபிப்பும் 5க்கு மேல் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 3: ரேட்டிங் இறங்கியிருக்கிறதா?

பிட்சருக்கு மூன்று முக்கிய ரேட்டிங் உண்டு: ஸ்டஃப் ஸ்ட்ரைக்அவுட்டையும், மூவ்மென்ட் ஹோம் ரன்னையும், கன்ட்ரோல் வாக்கையும் தீர்மானிக்கும். 20 முதல் 80 வரையிலான அளவில் 50 சராசரி. போன வருடம் 60 இருந்த ஸ்டஃப் இப்போது 45 என்றால், அதுவும் வயது 34, பெரிய காயத்திலிருந்து திரும்பியவர் என்றால், காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஸ்கவுட்டிங்கை அணைத்து வைக்காதவரை, நீங்கள் பார்ப்பது ஸ்கவுட்டின் (வீரர்களை எடைபோடுபவரின்) கருத்து, அவரும் தப்பு செய்வார்.

படி 4: வேலையை மாற்றிப் பாருங்கள்

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சரான ஸ்டார்ட்டருக்கு உருப்படியான மூன்று வகைப் பந்தாவது வேண்டும், ஸ்டாமினாவும் வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் புல்பென்னுக்கு, அதாவது இடையில் வந்து வீசுபவர்கள் கூட்டத்துக்கு, அனுப்புங்கள். குறைவான இன்னிங்ஸ் என்பதால் ஸ்டஃப் அங்கே ஏறும்.

படி 5: அப்புறம் ஒப்பந்தம்

மைனர் லீக் ஆப்ஷன் (கீழ்நிலை அணிக்கு அனுப்பும் உரிமை) மிச்சமிருந்தால் வெய்வர் தொல்லை இல்லாமல் கீழே அனுப்பலாம். ஆப்ஷன் தீர்ந்துவிட்டால் வெய்வரில் போட வேண்டும், அப்போது எந்த அணி வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வருட மேஜர் லீக் சர்வீஸ் உள்ளவர் கீழே போக மாட்டேன் என்றே சொல்லலாம். ரிலீஸ் செய்தால் மிச்சச் சம்பளம் உங்கள் தலையில்தான். பெரிய ஒப்பந்தம் என்றால், சம்பளத்தில் ஒரு பங்கை நீங்களே ஏற்றுக்கொண்டு டிரேட் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இளம் பிட்சர் என்றால் நான் எப்போதும் கீழே அனுப்பத்தான் சொல்வேன். ராய் ஹாலடே 2000இல் டொராண்டோவுக்காக வீசியபோது ஈஆர்ஏ 10.64. அடுத்த ஆண்டு அவரை டனீடனில் இருந்த ஏ நிலை அணிவரை இறக்கிவிட்டு, வீசும் கை கோணத்தையே மாற்றினார்கள். 2003இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2010இல் இன்னொன்று.

கீழே அனுப்பிய பிறகு ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். அங்கேயும் ஈஆர்ஏ வேண்டாம். வாக் குறைகிறதா, ஸ்ட்ரைக்அவுட் ஏறுகிறதா என்பது போதும்.