பரணில் கிடந்தே பாழாகும் தோல் ஷூ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை முகூர்த்தங்கள் தொடங்கும்போதுதான் புதுச்சேரி, கடலூர் பக்கம் பலருக்குத் தங்கள் தோல் ஷூவின் நினைவே வரும். ரிசப்ஷனுக்கென்று வாங்கி, ஒரு மாலை மட்டும் போட்டு, பெட்டியோடு பரணில் ஏற்றியது. இறக்கித் திறந்தால் கறுப்புத் தோலின்மேல் வெண்சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இந்தக் கடலோரத்தில் ஷூ தேய்ந்து கெடுவதைவிடக் கிடந்து கெடுவதுதான் அதிகம்.

முதல் தவறு அந்தப் பெட்டிதான். அதிலும் பாலித்தீன் கவரில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பது. போட்டுக் கழற்றிய ஷூவுக்குள் கால் வியர்வை ஈரம் இருக்கும். கவர் அதை வெளியே விடாது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை தாராளமாக வளரும். மழைக்காலத்தில் நம் பக்கம் பல நாட்கள் அதற்கும் மேலே நிற்கிறது. பீரோவுக்குள் நாப்தலின் உருண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. கழற்றிய ஷூவை ஒரு நாள் வெளியே ஆறவிட்டு, பருத்தித் துணிப்பையில் போட்டு, காற்றோட்டமுள்ள தட்டில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழையில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும், ஆனால் அதுவும் ஈரம் குடித்து நிறைந்துவிடும். மாற்றாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பது வீண்.

பூஞ்சை வந்துவிட்டதா? வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். அதன் வித்துகள் பறந்து பெல்ட், கைப்பை எல்லாவற்றிலும் குடியேறும். மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் தொட்டு லேசாகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் சாயத்தை எடுத்துவிடக் கூடும் என்பதால் முதலில் ஷூவின் ‘நாக்கு’, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டையின் உட்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். பூஞ்சையை எடுக்காமல் அதன்மேலேயே பாலிஷ் போட்டு மறைப்பவர்களுக்கு அடுத்த மழையில் மறுபடியும் அதே வேலைதான்.

பெட்டியில் கிடக்கும் ஷூவுக்கு இன்னொரு ஆபத்து அடியில் இருக்கிறது. மேலே நல்ல தோலாக இருந்தாலும், கீழே பல ஷூக்களில் இருப்பது பாலியூரித்தேன் சோல். ஈரக்காற்றோடு மெல்ல வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும் பொருள் அது. வேதியியலில் நீராற்பகுப்பு என்பார்கள். சில வருடம் கழித்து மண்டபத்தில் நாலு எட்டு வைத்ததும் சோல் புட்டாக உதிர்ந்து, நடந்த வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள் கிடக்கும். போடாமல் வைத்திருந்தால் புதுசாகவே இருக்கும் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. மாதம் ஒருமுறையாவது எடுத்துப் போட்டு நடங்கள். வருடத்துக்கு ஒரு கல்யாணம்தான் என்றால் தோல் அல்லது ரப்பர் சோல் பார்த்து வாங்குவது உத்தமம்.

அதற்கும் முன்னால், அது தோல்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய ‘லெதர்’ ஷூ பெரும்பாலும் ரெக்ஸின் வகையாகத்தான் இருக்கும். வெட்டு விளிம்பில் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணிமேல் ஒட்டிய மெல்லிய ஏடாகத் தெரிந்தால் இல்லை. அந்த ஏடு உரிய ஆரம்பித்தால் எந்த கிரீமாலும் நிறுத்த முடியாது, காசைச் செலவழிக்காதீர்கள்.

மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காய வைப்பது அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஊறிய ஷூவைக்கூட மீட்டுவிடலாம், அவசரப்படாமல் இருந்தால். நனைந்த தோல், உலர்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். மொட்டைமாடித் தரை, ஹேர் டிரையர், அடுப்பு ஓரம் மூன்றும் ஆகாது. சேற்றை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்புத்தூள் வேண்டாம்: தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, சோப்புத்தூள் காரம். லேஸையும் உள் அட்டையையும் உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். அடிப்பக்கத்துக்கும் காற்று வேண்டும். தாள் ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். காய்ந்த பிறகு விறைப்பாக இருக்கும், அப்போது லெதர் கண்டிஷனர் தடவினால் நெகிழ்ந்துகொடுக்கும்.

கண்டிஷனருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்பார்கள். முதல் நாள் மினுமினுக்கும். பிறகு தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும், தூசி ஒட்டும், பாலிஷ் பிடிக்காது. தலைக்கு வாங்கியதைத் தலைக்கே வைத்துக்கொள்ளலாம்.

அவசரக்காரர்களின் துணையான, ஸ்பாஞ்ச் தலை வைத்த திரவ பாலிஷ்மீதும் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பல வகைகள் தோலின்மேல் ஒரு பிளாஸ்டிக் படலத்தைப் பூசிவிட்டுப் போகின்றன. நாளடைவில் நடையில் மடங்கும் இடத்தில் அது வெடித்துக் கோடு போடும். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் போதும். ஆனால் தூசியைத் துடைக்காமல் அதைத் தடவினால் மணலையும் சேர்த்துத் தேய்த்ததாகிவிடும். கடற்கரைச் சாலையில் நடந்து வந்த ஷூ என்றால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே பாலிஷ். உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைக்கலாம். மேலே மெத்துமெத்தென்று வெல்வெட்போல இருக்கும் ஸ்வேட் (suede) தோலுக்கு மெழுகு பாலிஷ் கூடவே கூடாது.

நம் ஊருக்கே உரிய இரண்டு சேதங்களையும் சொல்லிவிடுகிறேன். கோயில், வீடு, கிளினிக் என்று ஒரு நாளில் பத்து இடத்தில் கழற்றி மாட்டுகிறோம். லேஸை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்து மிதித்து நுழைப்பதால் பின்பக்கத்தின் உள்ளே இருக்கும் விறைப்பான அட்டை நொறுங்கிவிடும். அது நொறுங்கினால் செருப்புத் தைப்பவராலும் பழையபடி நிமிர்த்துவது கடினம். குதிகாலை வழுக்கி உள்ளே நுழைக்க உதவும் கரண்டி போன்ற ‘ஷூ ஹார்ன்’ ஒன்றை வண்டியில் போட்டு வைக்கலாம். அதிகம் கழற்ற வேண்டியவர்கள் லேஸ் இல்லாத லோஃபருக்கு மாறிவிடலாம்.

இன்னொன்று பைக் கியர். இடது ஷூவின் முனை மட்டும் வெளுத்துத் தோல் கிளம்பியிருக்கும், வலதைப் பார்த்தால் புதுசு. கியர் லிவருக்கு ரப்பர் உறை மலிவாகவே கிடைக்கும். இல்லாவிட்டால் செருப்போடு ஓட்டிப்போய் ஆபீஸில் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே வெளுத்துப்போன முனைக்கு மெழுகு பாலிஷ் மட்டும் போதாது. அதே நிறத்தில் ஷூ கிரீம் வாங்கி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தடவுங்கள். கடைசியில்தான் மெழுகு.