டேப்பை எங்கே வைப்பது? மெட்டபாலிக் சின்ட்ரோம் – என் அனுபவம்

இடுப்புச் சுற்றளவுக்குப் பேண்ட் சைஸை நம்பி ஏமாறாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. இதோடு டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) 150 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், குறைந்த எச்.டி.எல். (நல்ல கொழுப்பு). இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சின்ட்ரோம்தான், அதாவது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டு.

இரவுச் சோற்றை ஒரு கரண்டியாக்கி, டீயில் சர்க்கரையை நிறுத்தியதும் எனக்கு டிரைகிளிசரைடு இறங்கியது. மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். பாதித் தட்டு பொரியல், ஒரு கிண்ணம் சுண்டல். சாப்பிட்டதும் 15 நிமிட நடை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம்.