கம்மோடின் உயரத்தைக் கூட்டுவது எப்படி: அளவு, டிராப், மேடை, பொருத்தும் வேலை

உட்காரும் உயரம் என்பது சீட்டின் மேல்பரப்பு வரை, டைல்ஸ் ஒட்டி முடித்த தரையிலிருந்து அளப்பது. கடையில் சொல்லும் அளவு பெரும்பாலும் வெறும் கோப்பையின் உயரம்தான். சாதாரணக் கோப்பை 390 முதல் 400 மி.மீ. இருக்கும், ஏறக்குறைய பதினைந்தரை அங்குலம். சீட் முக்கால் முதல் 1 அங்குலம் கூட்டும். 'கம்ஃபர்ட் ஹைட்' என்று விற்பவை சீட்டோடு சேர்த்து 17 முதல் 19 அங்குலம். இது அமெரிக்காவில் ஊனமுற்றோர் வசதிக்காக வகுத்த அளவு. ஐந்தடி உயரமுள்ள பாட்டியை 19 அங்குலத்தில் உட்கார வைத்தால் கால் தரையில் பதியாது. தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும், முக்கவும் பிடிமானம் இருக்காது. அதனால் முதலில் அளக்க வேண்டியது ஆளைத்தான்.

கெட்டியான நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பாதம் முழுக்கத் தரையில் பதியும்படி வையுங்கள். முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து தரை வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். பாத்ரூமில் செருப்பு போடுபவர் என்றால் செருப்போடு அளங்கள். எழுந்திருக்கச் சிரமப்படுபவருக்கு அந்த அளவோடு 1 அங்குலம், முட்டி வலி கடுமையாக இருந்தால் 2 அங்குலம் கூட்டினால் போதும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ முட்டி, இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு வருபவர் என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர் சொல்வதுதான் கணக்கு. சில மாதத் தேவைக்கு மட்டும் என்றால் உடைக்கும் வேலையே வேண்டாம். சீட்டின் இடத்தில் வைத்து உயரத்தைக் கூட்டும் 2 அல்லது 4 அங்குல சீட் ரைசர் போதும். ஆனால் பக்கவாட்டில் கிளாம்ப் வைத்து இறுக்கும் வகையாக இருக்கட்டும். சும்மா மேலே வைக்கும் வகை, ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்போது நழுவும்.

நிரந்தரமாக மாற்றுவதென்றால் பழைய கம்மோடு எஸ் டிராப்பா, பி டிராப்பா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். டிராப் என்பது தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு. கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ், பின்சுவருக்குள் போனால் பி. எஸ் டிராப்பில், டைல்ஸ் ஒட்டிய பின்சுவரிலிருந்து தரைக் குழாயின் நடு மையம் வரை உள்ள தூரம் முக்கியம். 4, 9, 12 அங்குலம் என்று வரும். 9 அங்குலக் குழாய்க்கு 12 அங்குலக் கோப்பை வாங்கினால் டேங்க் சுவரில் முட்டி, கோப்பை உட்காராது. பழைய கம்மோடு இருக்கும்போதே அளக்க வேண்டும் என்றால், சுவரிலிருந்து அதன் அடி ஸ்குரூ வரை அளந்து ஊகிக்காதீர்கள். எல்லா மாடலிலும் ஸ்குரூ குழாய் மையத்துக்கு நேராக இருக்காது. பி டிராப்பில் சுவர்க் குழாயின் மையம் தரையிலிருந்து 180 – 185 மி.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். புதுக் கோப்பையின் வாயும் அதே உயரத்தில் வருகிறதா என்று பாருங்கள். பக்கச் சுவருக்கும் கம்மோடின் நடுக்கோட்டுக்கும் 15 அங்குலம், முன்னால் 2 அடி இடம் இருக்க வேண்டும்.

இருக்கிற கோப்பையே நன்றாக இருந்தால், அடியில் 2 அங்குல மேடை கட்டித் தூக்கலாம். செலவு குறைவு. கொத்தனார்கள் இதில் ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: கோப்பையின் அடியை விட அகலமாகக் கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உட்காருபவரின் பாதமும் மேடை மேலேயே வந்துவிடும், உயரம் கூடியதாக ஆகாது, இறங்கும்போது தடுக்கவும் செய்யும். கோப்பையின் அடி வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அதே அளவுக்குக் கருங்கல் பலகையோ கான்கிரீட்டோ வையுங்கள். எஸ் டிராப் என்றால் தரைக் குழாயையும் 2 அங்குலம் நீட்ட வேண்டும். பி டிராப் என்றால் கோப்பையின் வாய் சுவர்க் குழாயை விட மேலே போய்விடும், அந்த உயர வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஆஃப்செட் கனெக்டர் தேவைப்படும்.

தரையைத் தொடாமல் சுவரில் மாட்டும் வால் ஹங் வகையில் எந்த உயரத்திலும் மாட்டலாம் என்பது வசதி. பழைய 9 அங்குலச் செங்கல் சுவர் தாங்கும். நாலரை அங்குலச் சுவரில் தரையில் நிற்கும் இரும்பு ஃபிரேம் இல்லாமல் மாட்டவே கூடாது.

மாற்றும் வேலைக்கு வேண்டியவை: கோப்பையையும் கழிவுக் குழாயையும் இணைக்கும் 4 அங்குல பான் கனெக்டர், டேங்குக்குப் போகும் தண்ணீரை மூடித் திறக்கும் புது ஆங்கிள் வால்வு, கனெக்ஷன் ஹோஸ், டெஃப்லான் டேப், நைலான் வாஷரோடு அடி ஸ்குரூ, ரசமட்டம், சிலிகான். ஆங்கிள் வால்வை மூடி பிளஷ் செய்து, மீதித் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஸ்குரூக்களைக் கழற்றி, அடியில் உள்ள வெள்ளை சிமெண்டை மெல்லிய உளியால் வெட்டுங்கள். கோப்பையை லேசாக ஆட்டி, இரண்டு பேராகத் தூக்குங்கள். உடனே குழாய் வாயில் துணி அடையுங்கள், துணியில் ஒரு கயிறு கட்டியிருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். செப்டிக் டேங்க் வாயு மேலே வரும் என்பதால் அந்த அறையில் பீடி, தீக்குச்சி கூடாது.

புதுக் கோப்பையை ஒருமுறை வெறுமனே வைத்து, துளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸை முழுதும் துளைத்துத் தாண்டும் வரை டிரில்லில் ஹாமர் வேண்டாம், டைல்ஸ் வெடிக்கும். துணியை எடுத்துவிட்டு, கனெக்டர் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். எண்ணெய், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். பாத்ரூம் தரை தண்ணீர் போகும் பக்கம் சாய்வாகவே இருக்கும், அதனால் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பக்கம் பிளாஸ்டிக் தகடு கொடுங்கள். ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் அழுத்தி முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். நான்கைந்து முறை பிளஷ் செய்து, இணைப்பைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்து ஈரம் படிகிறதா என்று பார்த்த பிறகே கோப்பையின் அடியைச் சுற்றி சிலிகான் பூசுங்கள். பின்பக்கம் 2 அங்குலம் மூடாமல் விடுங்கள், கசிவு இருந்தால் வெளியே தெரியட்டும். அடி முழுக்க சிமெண்ட் கலவை திணிக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், அடுத்த முறை கோப்பையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: தரைக்குள் இருக்கும் பழைய டிராப்பை எடுத்தே ஆக வேண்டும். புதுக் கோப்பைக்குள்ளேயே டிராப் உண்டு. இரண்டும் இருந்தால் நடுவில் காற்று அடைத்து, பிளஷ் திணறும், குளுகுளு சத்தம் வரும். மாடி பாத்ரூம் என்றால் தரை உடைத்த இடத்தில் வாட்டர் புரூஃபிங்கைத் திரும்பச் செய்து, 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டு மேல்தளம் நனைகிறதா என்று பாருங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். புது பிளஷ் டேங்க் சில மாதங்களில் மெதுவாக நிரம்பத் தொடங்கினால் பிளம்பரைக் கூப்பிடும் முன், உள்ளே தண்ணீர் விடும் வால்வின் வலைச் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். ஆங்கிள் வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் உப்பு பிடித்து இறுகாது. கைப்பிடிக் கம்பியையும் இதே வேலையோடு சுவரில் பதித்துவிடுங்கள். டவல் ராடைப் பிடித்து எழுந்தால் அது ஒருநாள் கையோடு வரும்.