பென்ஸ் கண்ணாடி: ஒட்டுவதா, மாற்றுவதா?

ரம்பொடை ஏற்றத்தில் லொறி டயரிலிருந்து தெறித்த சல்லிக்கல் எங்கள் துரையின் பென்ஸ் முன்கண்ணாடியில் பட்டது. ஈரமும் தூசியும் இறங்காமல் உடனே டேப் ஒட்டினேன். நுவரெலியாக் குளிரில் ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பவில்லை. திடீர்ச் சூட்டில் கீறல் ஓடிவிடும்.

துரை புதிது போடச் சொன்னார். "வேணாங்க ஐயா" என்றேன். உள்பக்கம் நகத்தால் தடவினால் வழுவழுவென்றிருந்தது. நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி, வெளி அடுக்குக்கு மட்டும்தான் அடி. காயம் ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சின்னது, ஓரத்தையும் தொடவில்லை, என் பார்வைக்கு நேரேயும் இல்லை. மாற்றினால் கண்ணாடிக்குப் பின்னால் பாதையைப் பார்க்கும் கமராவையும் மறுபடி அளந்து அமைக்க வேண்டும், செலவு எங்கேயோ போகும்.

கண்டியில் காற்றை உறிஞ்சி, ரெசின் என்ற பிசினை இறக்கி, புறஊதா விளக்கில் இறுக்கினார்கள். உற்றுப் பார்த்தால் சின்னப் புள்ளி தெரியும். கீறல் ஓரம்வரை ஓடியிருந்தால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன்.