தூரம் வேகம் நேரம் கணக்குல எங்க மாட்டிக்கறோம்

தூரம் = வேகம் × நேரம், இது தெரியாதவங்க யாரும் இல்ல, ஆனாலும் கணக்கு நாலு வரி நீளமா வந்துட்டா பேனா அப்படியே நின்னுடும். சூத்திரம் ஒண்ணும் தகராறு பண்ணல, சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் எதைப் போடறதுன்னு தெரியாமதான் முழிக்கறோம். அதனால கணக்கைப் படிச்சதும் முதல்ல தேட வேண்டியது ஒண்ணுதான், இதுல எது மாறாம இருக்கு?

காலைல 6 மணிக்கு சென்னைல இருந்து திருச்சிக்கு ஒரு பஸ் கிளம்புது, வேகம் 60 கிமீ. 7 மணிக்கு அதே இடத்துல இருந்து அதே ரோட்டுல ஒரு கார், 80 கிமீ. கார் எப்போ பஸ்ஸைப் பிடிக்கும்? பிடிக்கற அந்த நிமிஷத்துல ரெண்டும் ஒரே இடத்துல நிக்குது, அப்போ தூரம் சமம். பஸ் ஓடின நேரம் ந மணின்னா கார் ஓடினது (ந − 1), இங்கதான் பாதி பேர் அவசரத்துல கூட்டிடுவாங்க, லேட்டா கிளம்பினவன் கம்மி நேரம்தானே ஓடியிருப்பான். 60ந = 80(ந − 1), ந = 4. 10 மணிக்கு, 240 கிமீல, உளுந்தூர்பேட்டை தாண்டி எங்கயோ பிடிச்சுடும்.

அடுத்தது பரீட்சைல சுத்தி சுத்தி வர்ற ஸ்கூல் பையன் கணக்கு. 4 கிமீ வேகத்துல நடந்தா 10 நிமிஷம் லேட், 5 கிமீ வேகத்துல நடந்தா 5 நிமிஷம் முன்னாடியே போயிடறான், ஸ்கூல் எவ்ளோ தூரம்? இதுலயும் தூரம் மாறல, ஆனா நமக்குக் கொடுத்திருக்கறது நேர வித்தியாசம். 10ல 5 போனா 5னு போடாதீங்க, மணி அடிக்கறதுக்கு அந்தப் பக்கம் 10, இந்தப் பக்கம் 5, மொத்தம் 15 நிமிஷம். வேகம் மணிக்குக் கணக்குங்கறதால 15ஐயும் மணியாக்கணும், 1/4 (0.15னு எழுதற ஆளுங்க இருக்காங்க, நானும் ஒரு காலத்துல அந்த கோஷ்டிதான்). தூரம் த-ன்னா த/4 − த/5 = 1/4, அதாவது த/20 = 1/4, த = 5 கிமீ. சரிபார்க்க 4 கிமீ வேகத்துல 75 நிமிஷம், 5 கிமீ வேகத்துல 60 நிமிஷம், வித்தியாசம் 15, ஓகே.

ரயில் கணக்குன்னா மீட்டர், செகண்ட்ல வரும், மணிக்கு இத்தனை கிமீங்கற வேகத்தை 5/18 ஆல பெருக்கிடுங்க, செகண்டுக்கு இத்தனை மீட்டர்னு மாறிடும், பிளாட்பாரத்தைக் கடக்கணும்னா பிளாட்பார நீளத்தோட ரயில் நீளத்தையும் சேர்த்தாதான் தூரம், அவ்ளோதான்.

சராசரி வேகம்தான் நல்லா ஏமாத்தும். போறப்ப 40, வர்றப்ப 60, சராசரி 50னு கை தானா எழுதிடும். ஒரு பக்கம் 120 கிமீன்னு வச்சுப் பாருங்க, போக 3 மணி, வர 2 மணி, மொத்த தூரம் 240ஐ மொத்த நேரம் 5ஆல வகுத்தா 48தான் வருது, மெதுவா போன 40லதான் அதிக நேரம் ஓட்டியிருக்கோம்ல.